கிரகணத்துக்கு லென்ஸ் வாடகைக்கு எடுக்கறவங்க இதப் படிச்சிட்டு போங்க

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு, நடுவுல புலம்பலும் இருக்கும், பொறுத்துக்கோங்க. 2025 செப்டம்பர் 7 ஞாயித்துக்கிழமை ராத்திரி முழு சந்திர கிரகணம் வந்துச்சுல்ல, அதுக்காக மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாடிக் கடைல 150-600 ஜூம் லென்ஸ் வாடகைக்கு எடுத்தேன். படமும் போச்சு, டெபாசிட்ல 6,000 ரூபாயும் புடிச்சுட்டாங்க, அது பத்தாதுன்னு நிஜமாவே கண்ணப் பறிக்கக்கூடிய ஒரு பில்டரையும் என் தலைல கட்டிட்டாங்க. கடை பேரு கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க, சொல்ல மாட்டேன். இந்த மாதிரி கடை ஒண்ணே ஒண்ணு இல்ல, அதான் விஷயமே.

நான் பெரிய போட்டோகிராபர்லாம் கெடையாது. வேலை வேற, கேமரா லீவு நாள்ல மட்டும்தான். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்துல தான் இந்தப் பைத்தியம் புடிச்சது. அன்னிக்கு ஊட்டி, கோயம்புத்தூர், கரூர், திருச்சி, திண்டுக்கல்ல எல்லாம் மோதிரம் மாதிரி தெரிஞ்சது, நமக்கு சென்னைல பாதிக்கு மேல கடிச்ச அப்பளம் மாதிரி பார்ஷியல் தான். அப்போ ஒரு ஏ4 சைஸ் சோலார் ஷீட் (சூரிய வெளிச்சத்தக் கொறைக்கற பில்டர் ஷீட்) வாங்கி அட்டைல வளையம் பண்ணி லென்ஸ் முன்னாடி செல்லோடேப் போட்டு ஒட்டி நங்கநல்லூர் மொட்டை மாடில நின்னு எடுத்தேன், நல்லாவே வந்துச்சு. ஆனா என்கிட்ட இருக்கறது 55-250 லென்ஸ். சூரியனோ நிலாவோ சென்சார்ல விழற சைஸ் தோராயமா ஃபோகல் லெந்த்த (லென்ஸ் பேர்ல வர 250, 600ங்கற மில்லிமீட்டர் நம்பர்) 110ஆல வகுத்தா வரும், அப்போ 250ல ரெண்டேகால் மில்லிமீட்டர், 600 போட்டா அஞ்சரை. ஆசை யார விட்டுச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு போனேன். மொத தப்பு அதுதான். வேலை முடிஞ்சு ஓடிப் போய் ராத்திரி நேரத்துல டியூப்லைட் வெளிச்சத்துல லென்ஸ் பாத்தா என்ன தெரியும்? கடைல எனக்கு முன்னாடி நாலு பேர் நின்னாங்க, எல்லாரும் கிரகணக் கூட்டம். சாதாரணமா ஒரு நாளைக்கு 1,200னு போன்ல சொன்னவங்க நேர்ல போனதும் "சார் இது எக்லிப்ஸ் வீக்கெண்ட், ரெண்டு நாள் மினிமம், நாளைக்கு 2,000"ங்கறாங்க. டெபாசிட் 15,000, ஒரிஜினல் ஆதாரையும் வாங்கி டிராயர்ல போட்டுக்கிட்டாங்க. பணம் ஜிபேல, அதுவும் கடை பேர்ல இல்ல, யாரோ ஒருத்தர் பர்சனல் நம்பர். பில் கேட்டா "திரும்பக் கொண்டு வரப்ப சேத்துப் போட்டுடலாம் சார்". நானும் மண்டைய ஆட்டிட்டு வந்தேன். லென்ஸ ஒரு தடவ வெளிய எடுத்துக் காட்டிட்டு அந்தப் பையன் டக்குனு பைல போட்டு ஜிப் இழுத்துட்டான், பின்னாடி வேற நாலு பேர் நிக்கறாங்களே.

அப்பதான் அந்தப் பையன் ஆரம்பிச்சான், "அண்ணா கிரகண பில்டர் வேணாமா, இதில்லாம எடுத்தா சென்சார் அடிச்சிரும்." எனக்கு சிரிப்பு வந்துருச்சு. தம்பி, சந்திர கிரகணத்துக்கு பில்டரே தேவையில்ல, முழு கிரகணத்துல நிலாவே ஆயிரக்கணக்கான மடங்கு மங்கிப் போகும், அதுல கறுப்புக் கண்ணாடிய வேற மாட்டினா என்னத்த எடுக்கறதுன்னு கேட்டேன். அவன் கொஞ்சம் கூட அசரல. "அப்ப 2027 ஆகஸ்ட்டுக்கு வச்சுக்கோங்கண்ணா, அப்ப ரெண்டு மடங்கு வெல ஆயிடும்." 2027 ஆகஸ்ட் 2 முழு சூரிய கிரகணம், எகிப்துல லக்ஸர் பக்கம் ஆறு நிமிஷத்துக்கு மேல இருட்டும், நமக்கு சாயங்காலம் லேசா கடிச்ச மாதிரி தெரியும். தேதியெல்லாம் சரியா சொல்றானே, விவரமான பையன்னு நம்பிட்டேன். 95 எம்எம் ஸ்க்ரூ பில்டர், டப்பால பளபளன்னு சூரியன் படம், 1,800 ரூபா. வாங்கிட்டேன். சிரிச்சவனே வாங்கினேன் பாருங்க.

ஞாயித்துக்கிழமை. வீட்ல அம்மா இட்லி மாவு, தயிர், ஊறுகா எல்லாத்துலயும் தர்ப்பையக் கிள்ளிப் போட்டு, ஏழு மணிக்கே சாப்பாட்ட முடிச்சு பாத்திரம் கழுவி வச்சாச்சு. "கிரகணத்தன்னிக்கு கண்ட எடத்துல இருந்து கண்ட பொருள வீட்டுக்குள்ள கொண்டாந்துருக்கியே"ன்னு லென்ஸ் பையப் பாத்து ஒரு வார்த்த சொன்னாங்க. இப்ப யோசிச்சா அம்மா சொன்னதுதான் கரெக்ட்டு, காரணம் வேறயா இருந்தாலும்.

ராத்திரி 9:57க்கு நிழல் விழ ஆரம்பிக்கணும், 11 மணிலேர்ந்து 12:22 வரைக்கும் முழுசா சிவப்பு, 82 நிமிஷம். மேகம் வந்து வந்து போச்சு, அத விடுங்க, அது யார் கைலயும் இல்ல. மொத பிரச்சனை ஜூம். நடு கிரகணத்துல நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல, லென்ஸ் அண்ணாந்து நிக்குது. வெயிட்டான முன் பக்கக் குழாய் அதோட பாரத்துலயே மெதுவா கீழ இறங்குது. அதுக்குன்னு ஒரு லாக் பட்டன் இருக்கு, அத தள்ளினா லொடக்குனு ஆடுது, புடிக்கவே இல்ல. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு எடுத்து மாலை மாதிரி வரிசையா கோக்கணும்னு பிளான் போட்டிருந்தேன். முடிஞ்சு பாத்தா ஒண்ணு 600ல, அடுத்தது 520ல, அதுக்கடுத்தது 480ல, புதுசா சமைக்கறவன் இட்லித் தட்டுல மாவு ஊத்தின மாதிரி ஒவ்வொரு நிலாவும் ஒவ்வொரு சைஸ். அப்புறம் பெயிண்ட் வேலைக்கு வச்சிருந்த மாஸ்கிங் டேப்ப எடுத்து குழாயச் சுத்தி நாலு சுத்து சுத்தினேன்.

அதக்கூட சமாளிச்சிருப்பேன். பார்ஷியல் ஓடறப்ப ஒரு பக்கம் பளிச்சுனு வெளிச்சம், இன்னொரு பக்கம் நிழல் ஏறி மங்கின செவப்பு, ரெண்டும் ஒரே பிரேம்ல வரணும், கிரகணப் படத்துல அழகே அதான். ஆனா எந்த படத்துலயும் அந்த வெளிச்சம் பக்கத்துலேர்ந்து பால் கொட்டின மாதிரி ஒரு பொகை கிளம்பி செவப்ப மூடிருச்சு. ஃபோகஸ்தான் தப்புன்னு நெனச்சு லைவ் வியூல பெருசு பண்ணி கைல திருப்பித் திருப்பிப் பாக்கறேன், சரியாவே வரல. முழுசா மறைஞ்சப்புறம் ஐஎஸ்ஓ 3200, அரை செகண்டு வச்சேன், அதுக்கு மேல தொறந்து வச்சா 600ல நிலா நகர்றதே இழுத்துக் காட்டும். அதுலயும் ஓரமெல்லாம் கசங்கின மாதிரி. ஒரு மணி வாக்குல கடுப்பாகி லென்ஸக் கழட்டி பின்பக்கமா செல்போன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். உள்ள ரெண்டாவதோ மூணாவதோ கண்ணாடில சிலந்தி நூல் மாதிரி கெளை கெளையா, நடுவுல ஒரு எடத்துல வெள்ளையா பஞ்சு. ஃபங்கஸ். நம்ம ஊரு ஈரத்துக்கு, டிரை கேபினட்ல வைக்காம பைலயே போட்டு வச்சா வராம என்ன பண்ணும்.

திங்கக்கிழமை கொண்டு போனேன். ஓனர் உக்காந்திருந்தாரு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அவரே டார்ச்ச எடுத்து நேரா அந்த எடத்துல அடிச்சு, "என்ன சார் ஃபங்கஸ் புடிக்க விட்டுட்டீங்க"ங்கறாரு. தேடல, திருப்பிப் பாக்கல, நேரா அந்த எடத்துக்கே போச்சு டார்ச்சு. கொடுக்கறப்ப மட்டும் கடைல டார்ச்சே இல்ல. சார், ரெண்டு நாள்ல ஃபங்கஸ் பொங்கி வர அது என்ன தோச மாவான்னு கேட்டேன். "மொட்ட மாடில பனில வச்சிருக்கீங்க"ன்னாரு. செப்டம்பர்ல சென்னைல பனியாம். கிளீனிங் 5,000, லாக் ஒடஞ்சதுக்கு 1,000. ஆதார் அவங்க டிராயர்ல இருக்கு, எவ்ளோ நேரம் கத்தறது. மீதி 9,000யும் ஆதாரையும் வாங்கிட்டு வந்துட்டேன்.

அப்புறம் 1915க்கு, நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் போட்டு புகார் பதிஞ்சேன். பில் இருக்கான்னு தான் மொதல்ல கேட்டாங்க. என்கிட்ட இருந்தது ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் வாட்ஸப் சாட்டும்தான். அந்தப் புகார் நம்பர கடைக்கு அனுப்பி வச்சேன், ரெண்டு ப்ளூ டிக், பதில் இல்ல, நாலு நாள் கழிச்சு எதுவுமே சொல்லாம 2,500 ரூபா வந்து விழுந்துச்சு. மிச்சம் இன்னும் வரல.

காசு போனா போகுது. என்னய நெஜமா பயமுறுத்தினது அந்த 1,800 ரூபா பில்டர்தான். கண்ணுக்கு நேரா வச்சு ரூம்ல பாத்தேன், ஃபேன் தெரியுது, காலண்டர் தெரியுது. என் பழைய ஷீட்ட வச்சுப் பாத்தா கும்மிருட்டு, சூரியனத் தவிர எதுவும் தெரியக் கூடாது, ரொம்ப பக்கத்துல எல்இடி பல்ப வச்சா மினுக்குனு தெரிஞ்சா உண்டு. சந்தேகம் தீரலன்னு கேமராவ டிரைபாட்ல வச்சு பல்ப் எரியற செவத்த மேனுவல்ல எடுத்தேன். பில்டர் இல்லாம 1/125 செகண்டு, பில்டரோட அதே வெளிச்சம் வர 8 செகண்டு ஆச்சு. அப்படின்னா ஆயிரத்துல ஒரு பங்கு வெளிச்சம் உள்ள போகுது, அருவிய பட்டு மாதிரி எடுக்க போடுவாங்களே அந்த சாதா என்டி1000. சூரியனுக்கு வேண்டியது லட்சத்துல ஒரு பங்கு, அதே செவத்துக்கு 13 நிமிஷம் தொறந்து வச்சாதான் ஆகும். நூறு மடங்கு வித்தியாசம். இத மாட்டி டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர்ல சூரியனப் பாத்திருந்தா அவ்ளோதான், விழித்திரைக்கு வலியே தெரியாது, கருகறப்ப உங்களுக்கு ஒண்ணும் உறைக்காது. இந்த மாதிரி பில்டர்ல கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் எவ்ளோ தப்பிச்சு வருதுன்னு வேற யாருக்கும் தெரியாது. மிர்ரர்லெஸ் கேமரான்னாலும் ஷட்டரும் சென்சாரும் பொசுங்கும். அன்னிக்கு எனக்கு முன்னாடி நின்ன நாலு பேர்ல ஒருத்தர் பொண்ணக் கூட்டிட்டு வந்திருந்தாரு, பாப்பா கைல அதே டப்பா. அவர் இதப் படிச்சா தயவு செஞ்சு எடுத்து ஓரமா வைங்க சார், சூரியனப் பக்கம் கொண்டு போகாதீங்க.

இனிமே நான் போனா பகல்ல போவேன், என் கேமராவ எடுத்துட்டுப் போய் கடை வாசல்லயே மாட்டி 600ல தூரத்து செல்போன் டவர் ஒண்ண எடுத்து நாலு மூலையும் பெருசாக்கிப் பாப்பேன். அப்புறம் லென்ஸ அண்ணாத்தி புடிச்சு அரை நிமிஷம் நிப்பேன், குழாய் இறங்குதான்னு. டார்ச் அடிச்சு வீடியோ எடுத்து அங்கயே அவங்களுக்கு வாட்ஸப் பண்ணிட்டுதான் ஜிபே. ஆதார் ஜெராக்ஸ் மட்டும், ஒரிஜினல் கேட்டா அடுத்த கடை. இப்படி கேட்டா ஒரு நல்ல கடைக்காரர் கோச்சுக்க மாட்டாரு, வடபழனில ஒருத்தர் அவரே டார்ச் எடுத்துக் குடுத்தாரு, அவர்கிட்ட அன்னிக்கு லென்ஸ் புக் ஆயிருச்சுன்னுதான் நான் இங்க போய் மாட்டினேன்.

அந்த என்டி1000ஐயாவது உபயோகப்படுத்தலாம்னு பெசன்ட் நகர் பீச்சுக்கு எடுத்துட்டுப் போனேன். கடல் மொத்தமும் ரோஸ் மில்க் கலர்ல வந்துச்சு.

நேத்து அந்தக் கடை வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல அதே லென்ஸ் போட்டோ. "மின்ட் கண்டிஷன், எக்லிப்ஸ் ஸ்பெஷல், டெபாசிட் 20,000 மட்டுமே". பெருசு பண்ணிப் பாத்தா குழாயச் சுத்தி என் மாஸ்கிங் டேப் பசை அப்படியே கோடா நிக்குது.