பிளாக்ஜாக் பயிற்சி தருவதாக வரும் அழைப்பை நம்ப வேண்டாம்: நான் 5,500 ராண்ட் இழந்த விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வாழும் நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ஆன்லைன் காசினோவில் பிளாக்ஜாக் ஆடி மாதச் செலவைச் சம்பாதிக்கக் கற்றுத் தருவதாக ஓர் அழைப்பு சில மாதங்களாகச் சுற்றி வருகிறது. அதை நம்பி 1,500 ராண்ட் கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். பிளாக்ஜாக் என்பது, கையில் உள்ள சீட்டுகளின் மதிப்பைக் கூட்டி, 21-ஐத் தாண்டாமல், காசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலரைவிட அதிகம் சேர்க்க முயலும் ஆட்டம். டர்பன் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால், என் பணம் போன வழியை எண்களோடு எழுதிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

நான் ஏமாறியதற்கு, நம்மவர்கள் ஆடும் ‘தன்னி’ (Thunee) என்ற சீட்டாட்டமும் ஒரு காரணம். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டின் இரவுகளிலும் தன்னி ஆடி வளர்ந்தவர்களுக்கு, 24 சீட்டுகளில் எவையெவை இறங்கிவிட்டன என்பதை மனத்தில் வைத்திருப்பதே பாதி வெற்றி என்று தெரியும். “அண்ணா, தன்னி ஆடத் தெரிந்த உங்களுக்குச் சீட்டை எண்ணுவது பெரிய வேலையே இல்லை” என்று பயிற்சியாளர் சொன்னபோது அது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் கணினி சீட்டுப் போடும் பிளாக்ஜாக்கில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டு முழுவதும் புதிதாகக் கலைக்கப்படுகிறது. முந்தைய ஆட்டத்தில் எது இறங்கியது என்ற நினைவு அடுத்த ஆட்டத்தில் எதற்கும் உதவாது. உண்மையான டீலர் கேமரா முன் அமர்ந்து ஆடும் மேசைகளிலும் பெரும்பாலும் எட்டுக் கட்டுகளைச் சேர்த்து ஆடுவதாலும், அவற்றில் ஏறத்தாழப் பாதி இறங்கியதுமே மீண்டும் கலைத்துவிடுவதாலும், எண்ணுகிறவனுக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

அவர் கற்றுத் தந்தவற்றில் உண்மையும் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டீலர் காட்டும் சீட்டு 4, 5, 6 ஆக இருந்தால் 12 முதல் 16 வரை கையில் வைத்திருப்பவர் மேலும் சீட்டு கேட்காமல் நிற்க வேண்டும். டீலர் 7 அல்லது அதற்கு மேல் காட்டினால் 16-இலும் கேட்க வேண்டும். இரண்டு ஏஸ்களையும் இரண்டு எட்டுகளையும் பிரித்து இரண்டு தனிக் கைகளாக ஆட வேண்டும். இரண்டு பத்துகளைப் பிரிக்கவே கூடாது. இந்த அடிப்படை முறையை 1956-இல் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய நால்வர் மேசைக் கணக்கீட்டு இயந்திரங்களைக் கொண்டு கணக்கிட்டு வெளியிட்டார்கள். இன்று அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பிழையில்லாமல் பின்பற்றினால், விதிகள் நல்லவையாக உள்ள மேசையில் காசினோவின் சாதகம் அரை சதவீதத்தை ஒட்டி இறங்கும். அதற்குக் கீழே கொண்டுபோய் ஆட்டக்காரனுக்கு லாபமாக மாற்றும் வழி, ஒவ்வொரு முறையும் கலைக்கப்படும் கட்டில் கிடையாது.

மேசையின் விதியைப் பார்க்க அவர் கற்றுத் தரவில்லை. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 100 ராண்ட் பந்தயத்துக்கு 150 தருவது பழைய விதி. அதையே 120 ஆகக் குறைத்திருக்கும் மேசையில் காசினோவின் சாதகம் சுமார் 1.4 சதவீதம் கூடிவிடுகிறது, அதாவது அரை சதவீதமாக இருந்தது ஏறத்தாழ இரண்டு சதவீதமாகிவிடும். நான் ஆடிய மேசை 120 தரும் மேசைதான். டீலர் ஏஸ் காட்டும்போது, அவருக்கு முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்துவிடும் என்று தனியாகக் கட்டச் சொல்லும் இன்ஷூரன்ஸ் பந்தயமும் அப்படியே: டீலரின் மறைந்த சீட்டு பத்தின் மதிப்புடையதாக இருக்கும் வாய்ப்பு 13-இல் 4, அது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் கட்டிய பணத்துக்கு இரண்டு மடங்குதான் தருகிறார்கள்.

பயிற்சியின் உச்சமாக அவர் சொன்னது, தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் முறை. 50, 100, 200 என்று ஏறிக்கொண்டே போய் ஒரு முறை வென்றால் எல்லா இழப்பும் திரும்பி 50 ராண்ட் லாபமும் நிற்கும் என்றார். தொடர்ந்து ஏழு முறை தோற்றால் போகும் தொகை 6,350 ராண்ட். 50-இல் தொடங்கி ஒரு முறை வெல்லும்வரை ஆடுவதை ஒரு சுற்று என்று கொண்டால், பிளாக்ஜாக்கில் அது ஏறத்தாழ எண்பது சுற்றுக்கு ஒரு முறை நேரக்கூடியது. எண்பது சுற்றில் சேரும் லாபம் 4,000 மட்டுமே. இந்தக் கணக்கை நான் அன்றே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் அனுப்பிய இணைப்பின் வழியாகத்தான் கணக்கு தொடங்க வேண்டும் என்றும், போனஸை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 4,000 ராண்ட் டெபாசிட் செய்தேன். 4,000 போனஸ் சேர்ந்தது. இரண்டு வாரத்தில் இருப்பு 11,600 ஆனதும் பணத்தை எடுக்க விண்ணப்பித்தேன். அடையாள அட்டை கேட்டார்கள், பிறகு நகராட்சியின் மின்சார ரசீதைக் கேட்டார்கள், பிறகு அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு படம் கேட்டார்கள். பதினோராம் நாள் வந்த பதிலில், போனஸ் தொகையை 40 மடங்கு பந்தயம் கட்டி முடிக்கவில்லை என்றும், போனஸ் இருக்கும்போது ஓர் ஆட்டத்தில் 100 ராண்டுக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதியை மீறிவிட்டேன் என்றும் எழுதி, 7,600 ராண்டை நீக்கிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் நிபந்தனைகளை முழுவதும் படித்தேன். நாற்பது மடங்கு என்றால் 1,60,000 ராண்ட். ஆனால் பிளாக்ஜாக்கில் கட்டுவதில் 10 சதவீதம் மட்டுமே கணக்கில் சேரும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது, ஆகவே உண்மையில் கட்ட வேண்டியது 16,00,000 ராண்ட். ஐம்பது ராண்டாகக் கட்டினால் 32,000 ஆட்டங்கள். நல்ல மேசையில் அரை சதவீதம் மட்டும் இழந்தாலும் அதில் 8,000 ராண்ட் போகும், அது கொடுத்த போனஸைப் போல் இரண்டு மடங்கு. இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. இரட்டிப்பு முறையில் மூன்றாவது பந்தயமே 200 ராண்ட். அதாவது, அவர் சொன்ன காசினோவில், அவர் வாங்கச் சொன்ன போனஸோடு, அவர் கற்றுத் தந்த முறையை அப்படியே பின்பற்றிய எவரும் இரண்டு முறை தொடர்ந்து தோற்ற உடனே விதியை மீறியவராகிவிடுவார்.

ஆள் சேர்த்துவிடுகிறவருக்கு இத்தகைய காசினோக்கள், அவர் வழியாக வந்தவர்கள் இழக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தருவது இத்தொழிலில் வழக்கமான ஏற்பாடு. என் பயிற்சியாளருக்கு அப்படிக் கிடைக்கிறதா என்று நேரடியாகக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, மறுநாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். மாணவன் தோற்றால் ஆசிரியருக்கு வருமானம் என்ற ஏற்பாட்டுக்குள் நான் கட்டணமும் கொடுத்து நுழைந்திருந்தேன்.

என் டெபாசிட் 4,000 இன்னும் அங்கே காட்டப்படுகிறது, ஆனால் குறைந்தது 5,000 இருந்தால்தான் எடுக்கலாமாம். மேலும் 1,000 போடச் சொல்லி அழைத்தார்கள், போடவில்லை. வழக்குத் தொடரலாமா என்று விசாரித்தபோதுதான் சட்டத்தின் நிலை தெரிந்தது. 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டம் உரிமம் இல்லாத இணையச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது; அதை ஒழுங்குபடுத்த 2008-இல் இயற்றிய திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. காசினோவின் சர்வர் கணினி அண்டை நாடான ஸ்வாசிலாந்தில் (இன்றைய எஸ்வாட்டினி) இருந்தாலும் ஆட்டக்காரர் இருக்கும் இடத்திலேயே சூதாட்டம் நடக்கிறது என்று 2011-இல் புளூம்பொன்டைன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டவிரோதமான ஆட்டத்தில் வென்ற பணத்தைக் கேட்டு வழக்காட முடியாது; அது அரசுக்குப் பறிமுதல் ஆகக்கூடியது. ஆகவே அவர்கள் முழுத் தொகையையும் கொடுத்திருந்தால்கூட அது என் பணமாக நிலைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இழந்ததை மீட்கலாம் என்று மறுபடியும் டெபாசிட் செய்ய வேண்டாம். நிறுத்த முடியவில்லை என்றால் 0800 006 008 என்ற இலவச எண்ணில் சூதாட்டப் பழக்கத்துக்கான ஆலோசனை கிடைக்கும். அடையாள அட்டையின் படத்தை அனுப்பியவர்கள், பணத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பே, சதர்ன் ஆப்பிரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸ் அமைப்பில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால், கூடுதலாகச் சரிபார்க்கும்படி உறுப்பு நிறுவனங்களுக்கு அந்தப் பதிவு தெரிவிக்கும். நான் என் அடையாள அட்டை எண்ணைச் சென்ற வாரம் பதிந்துவிட்டேன், வங்கி அட்டையையும் மாற்றிவிட்டேன்.