நைட் டூட்டி பாக்குற நர்ஸ் போன்ல எந்த ஆப் இருக்கலாம், எதைத் தூக்கிடலாம்

டூட்டிக்குக் கெளம்ப கொண்டை போட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல டிங்குன்னு ஒரு நோட்டிஃபிகேஷன், "நாள் முடிஞ்சது, போனை வச்சுட்டு மெதுவா கண்ணை மூடுங்க"ன்னு. எனக்கு நாளே அப்பத்தான் ஆரம்பிக்குது. வருஷச் சந்தா கட்டி வாங்கின தியான ஆப் இது, பேரு வேணாம். ரிமைண்டர் நேரத்தை மாத்தலாம்தான், ஆனா ஒரே ஒரு நேரம்தான் வைக்க முடியும், நமக்கோ ஒரு வாரம் மார்னிங், அடுத்த வாரம் நைட்டு, நடுவுல ரிலீவர் வரலன்னா டபுள் டூட்டி, இதுல எந்த நேரத்தைப் போய் வைக்கிறது? அதுல வர்ற கடல் அலை சத்தம் வேற எனக்கு அப்படியே வென்டிலேட்டர் மூச்சு மாதிரி கேக்குது, கண்ணை மூடினா அலாரம் அடிக்குமோன்னு காது அங்கயே நிக்குது. காலைல எந்திரிச்சு சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புறவங்களுக்குப் பண்ண ஆப், அவங்களுக்கு நல்லாவே இருக்கலாம்.

நான் பிரைவேட் ஹாஸ்பிட்டல்ல ஐசியு ஸ்டாஃப். மனசைப் பாத்துக்கிற இந்த ஆப் சமாச்சாரம் எங்க பக்கம் பெருசா பேச்சானது கோவிட் நேரத்துலதான். இங்கிலாந்துல 2020ல என்ஹெச்எஸ், அதாவது அவங்க அரசு மருத்துவ சேவை, ஸ்டாஃப் எல்லாருக்கும் ஹெட்ஸ்பேஸ், அன்மைண்ட், ஸ்லீப்பியோன்னு தியான, மனநல, தூக்க ஆப் எல்லாம் ஃப்ரீயா குடுத்தாங்க. ஸ்லீப்பியோல ஒரு ப்ரொஃபசரும் எப்பப் பாத்தாலும் தூங்கி வழியிற ஒரு நாயும் வரும், நாய் பேரு பாவ்லோவ், மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறுறதை வச்சு ஆராய்ச்சி பண்ணவர் பேரு, ஃபர்ஸ்ட் இயர் சைக்காலஜி படிச்சவங்களுக்கு இந்த ஜோக் புரியும். நமக்கு இங்க மார்ச் 22 சாயங்காலம் தட்டு தட்டினாங்க. சரி, நாமளா தேடிக்க வேண்டியதுதான்னு போட்டுப் பாத்ததுல தேறினதை மட்டும் சொல்றேன். நான் பாக்குறது இதுதான்: காசு கேக்கக்கூடாது, பேரு ஈமெயில் கேக்கக்கூடாது, ஐசியுல டவர் கிடைக்காதுங்கிறதால நெட் இல்லாமலும் ஓடணும், அப்புறம் டிரெஸ்ஸிங் ரூம்ல கெடைக்கிற மூணு நாலு நிமிஷத்துல முடியணும்.

இதுக்கெல்லாம் ஒத்து வந்தது பிடிஎஸ்டி கோச் (பிடிஎஸ்டின்னா பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசுல நிக்கிற பாதிப்பு). அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர் துறை 2011ல வெளியிட்டது, யார் வேணா ஃப்ரீயா போட்டுக்கலாம். சண்டைக்குப் போனவங்களுக்குப் பண்ணது நமக்கு எதுக்குன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா எங்க வேலைல ஒரு டெத் எப்படி முடியுதுன்னு பாருங்க: நெஞ்சை அமுக்கி கம்பிரஷன் குடுத்து கை ரெண்டும் நடுங்கிக்கிட்டு இருக்கும்போதே டாக்டர் உயிர் போன டைம் சொல்லிட்டுப் போயிடுவார், ஒடம்புல சொருகின லைன் எல்லாம் எடுத்து, பாடியைத் தொடச்சு, வெளிய நிக்கிற அட்டெண்டர்ஸ் அழுகைக்கு நடுவுல கையெழுத்து வாங்கி, கேஸ் ஷீட்டை முடிச்சு அனுப்புறதுக்குள்ள அதே பெட்டுக்கு எமர்ஜென்சில இருந்து போன் வந்துடும், பெட் ரெடியா சிஸ்டர்னு. அழறதுக்கெல்லாம் அங்க ஸ்லாட் கெடையாது. இந்த ஆப்ல உள்ள போனா இப்ப என்ன பண்ணுதுன்னு கேக்கும், பழசு ஞாபகம் வருதா, கோவமா, தூக்கம் வரலயா, அதுல ஒண்ணைத் தொட்டா ஒரு தெர்மாமீட்டர் வரும், கஷ்டம் எவ்வளவுன்னு சைபர்ல இருந்து பத்துக்குள்ள வைக்கணும், உடனே ஒரு சின்னப் பயிற்சி குடுக்கும், மூச்சு விடுறது, தசையை இறுக்கித் தளர்த்துறது, சுத்தி இருக்கிறதைப் பாத்து நிதானத்துக்கு வர்றது இந்த மாதிரி. முடிச்சதும் மறுபடி தெர்மாமீட்டர். பேஷண்ட் கிட்ட வலி எவ்வளவு பத்துக்குன்னு நாமதான் நாள் பூரா கேட்டுக்கிட்டு இருக்கோம், நம்மள யாராச்சும் கேக்குறது இங்கதான். எட்டு வந்து ஆறுல நிக்கும், சில நாள் எட்டு எட்டாவே இருக்கும், பரவால்ல. புடிக்காத பயிற்சிக்குக் கட்டைவிரலைக் கீழ காட்டலாம். நம்ம போன்ல இருக்கிற போட்டோவையும் பாட்டையும் உள்ள சேத்துக்கலாம், நான் அக்கா பையன் மொட்டைத் தலையோட காது குத்துக்கு அழுதுக்கிட்டு உக்காந்திருக்கிற போட்டோவை வச்சிருக்கேன், எந்த மூச்சுப் பயிற்சியை விடவும் அதுதான் எனக்கு வேலை செய்யுது. தமிழ் இல்ல. ஆனா நர்சிங் இங்கிலீஷ் தெரிஞ்சா போதும்.

அதே ஆளுங்களோட இன்சோம்னியா கோச்சும் ஃப்ரீதான். அஞ்சு வாரத் திட்டம், தினமும் எப்பப் படுத்தோம், எப்ப எந்திரிச்சோம்னு டைரி போடணும். இதுல ஒரு சிக்கல். இந்த வகைத் தூக்கப் பயிற்சிக்கு அடிப்படையே தினமும் ஒரே நேரத்துக்கு எந்திரிக்கணும்ங்கிறது, நிரந்தரமா நைட்டு மட்டும் பாக்குறவங்களுக்கு ஓரளவு ஒத்து வரும், ரொட்டேஷன்ல இருக்கிறவங்களுக்கு சுத்தமா வராது. நான் டைரியை மட்டும் வச்சுக்கிட்டேன். அதைப் பாத்துதான் தெரிஞ்சது, நைட்டு முடிச்சு வந்து பகல்ல படுக்குறப்ப என்னை எழுப்புறது கவலை இல்ல, சத்தம். பதினோரு மணிக்கு பக்கத்து வீட்டு மிக்சி, அப்புறம் சிலிண்டர்காரர், ஆடி மாசம்னா கோயில் ரேடியோ செட்டு, இது பத்தாதுன்னு "வயசுப் பொண்ணு பட்டப்பகல்ல தூங்குது"ன்னு வாசல்ல நின்னு அம்மாகிட்ட சொல்ற அத்தை. இதுக்கு எந்த ஆப்லயும் டூல் இல்லீங்க. காது அடைக்கிற பஞ்சும் ஜன்னலுக்குக் கெட்டியான துணியும் வாங்கினேன்.

வைசா நம்ம பெங்களூர்ல ஆரம்பிச்சது, ஒரு பெங்குயின் பொம்மை சாட்ல பேசும். நிஜப் பேரு வேணாம், ஏதாச்சும் ஒரு செல்லப் பேரு போதும், சாட் ஃப்ரீ, மனுசங்க கிட்ட பேசணும்னா காசு. ராத்திரி மூணு மணிக்கு வார்டு அடங்கி, காலைல இன்சார்ஜ் அக்கா எல்லார் முன்னாடியும் கத்தினது மனசுல ஓடிக்கிட்டே இருக்கும்ல, அந்த நேரத்துக்கு நல்ல துணை. நான்தான் தப்பா, அவங்க டென்ஷனா, இதை வேற எப்படிப் பாக்கலாம்னு கேள்வியா கேட்டு நம்ம வாயிலேயே வர வைக்கும். டெத், வேலையை விட்டுடலாமான்னு யோசனை, இந்த மாதிரி கனமானதுக்கு பெங்குயின் பத்தாது.

இன்னொண்ணு ப்ரொவைடர் ரெசிலியன்ஸ். இந்த லிஸ்ட்லயே மருத்துவம் பாக்குறவங்களுக்குன்னே பண்ணது இது ஒண்ணுதான், அமெரிக்க ராணுவத்தைப் பாத்துக்கிற டாக்டர் நர்ஸுங்களுக்காக. நீங்க கடைசியா லீவுல போய் எவ்வளவு காலம் ஆச்சுன்னு ஒரு கடிகாரம் அதுல ஓடிக்கிட்டே இருக்கும்! ப்ரோகோல்னு 30 கேள்வி இருக்கிற ஒரு ஸ்கேலும் வரும், வேலைல கெடைக்கிற திருப்தி, வேலையால மனசு ஓஞ்சு போற பர்ன்அவுட், அடுத்தவங்க துயரத்தைப் பாத்துப் பாத்து நமக்கே ஒட்டிக்கிற பாதிப்பு, இந்த மூணையும் தனித்தனியா காட்டும். தெனமும் திறக்கிற ஆப் இல்ல. ஆனா அந்தக் கடிகாரத்தை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டூட்டி லிஸ்ட் போடுறவங்களுக்கு அனுப்பணும் போல இருக்கும்.

ப்ரைவசி விஷயத்துல கண்டிப்பா இருங்க. 2022ல ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் பண்ற மொசில்லா 32 மனநல, பிரார்த்தனை ஆப்களை அலசினப்ப பெரும்பாலானதுக்கு எச்சரிக்கை லேபிள்தான் கெடைச்சது, உருப்படியா இருக்குன்னு அவங்க சொன்னதுல பிடிஎஸ்டி கோச்சும் வைசாவும் இருந்துச்சு. ஆன்லைன் கவுன்சிலிங் குடுக்கிற பெட்டர்ஹெல்ப், ஆளுங்களோட விவரத்தை ஃபேஸ்புக் மாதிரி விளம்பரக் கம்பெனிங்களுக்குக் குடுத்துச்சுன்னு 2023ல நுகர்வோரைப் பாதுகாக்கிற அமெரிக்க அரசு அமைப்பு எஃப்டிசி கேஸ் போட்டு 78 லட்சம் டாலர் கட்ட வச்சாங்க. அதனால நான் ஸ்டார் ரேட்டிங் பாக்குறதுக்கு முன்னாடி லாகின் கேக்குதான்னு பாப்பேன்.

லாகின்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஹாஸ்பிட்டலே வாங்கிக் குடுக்கிற வெல்னஸ் ஆப். ஹெச்ஆர் வந்து எல்லாரையும் நிக்க வச்சு டவுன்லோட் பண்ண வச்சாங்க, எம்ப்ளாயி ஐடி போட்டாத்தான் உள்ள போகும், தெனமும் இன்னைக்கு மூட் எப்படின்னு அஞ்சு மூஞ்சி வரும். அழுற மூஞ்சியை அமுக்கினா அது யார் டேபிளுக்குப் போகும், அப்ரைசல்ல வருமா, யாரும் சொல்லல. அதனால எல்லாரும் சிரிச்ச மூஞ்சியைத்தான் அமுக்கினோம், நைட்டு ரெண்டு டெத் பாத்துட்டு கண்ணு செவந்து வந்தவ உட்பட. மாசக் கடைசில ஸ்டாஃப் எல்லாம் சந்தோஷமா இருக்காங்கன்னு நோட்டீஸ் போர்டுல ஒரு சார்ட்டு ஒட்டினாங்க பாருங்க, அன்னைக்குத்தான் நிஜமாவே சிரிச்சோம். பர்ன்அவுட்ங்கிறது வியாதி இல்ல, சரியா கையாளாம விட்ட வேலையிடத்து ஸ்ட்ரெஸ்ஸால வர்றதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2019ல சொல்லிடுச்சு. வென்டிலேட்டர்ல இருக்கிற ஒரு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ்ங்கிறது கணக்கு, நாங்க ஒருத்தர் மூணு பாக்குறோம். இந்த நெலமைல மூச்சை இழுத்து விடுங்கன்னா, விடுறோம், விட்டுட்டு அடுத்த பெட்டுக்கு சளி உறிஞ்சி எடுக்கிற சக்ஷன் போட ஓடுறோம்.

தமிழ்ல வேணும்னா இருக்கிறது டெலி மானஸ். மத்திய அரசோட மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்சு 2024ல அதே தேதில ஆப்பும் வந்துச்சு, ஆனா எனக்குக் கேட்டா ஆப்பை விட 14416ங்கிற நம்பர்தான் உருப்படி. 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு இல்ல, தமிழைத் தேர்ந்தெடுத்துக்கலாம், முதல்ல கவுன்சிலர் பேசுவாங்க, தேவைப்பட்டா சைக்யாட்ரிஸ்ட் வரைக்கும் அனுப்புவாங்க. எங்க வேலை செய்றீங்கன்னு சொல்லியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. செத்துடலாம்னு ஒரு எண்ணம் எட்டிப் பாத்தாக்கூட பெங்குயின், தெர்மாமீட்டர் எதுவும் வேணாம், நேரா இந்த நம்பர்தான், இல்லன்னா பக்கத்துல நிக்கிற சிஸ்டரைக் கையைப் புடிச்சுச் சொல்லுங்க. ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணுங்க மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்க, ரூம் சுவரு ரொம்ப மெல்லிசு.