பெட்ரோல் டர்போ என்று சொல்லி டீசல் டர்போவை விற்கிறார்கள்: மதுரை பக்கம் கிட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் வீட்டிலேயே ஹேட்ச்பேக்குக்கு டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) ஏற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. என்ன விற்றார்கள், எப்படி வெளியே வந்தது என்பதை மட்டும் ஒன்று விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே சரக்கு இதே பேச்சோடு இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வண்டி முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல். 2005-ல் வந்தது, 1298 சிசி, 87 குதிரைசக்தி. 2010-ல் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது இந்த இன்ஜினை நிறுத்திவிட்டு 1.2 கே சீரிஸ் போட்டார்கள். அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசில்லை. நாகமலை புதுக்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் இருக்கிறது, இன்ஜினை இறக்கி ஏற்ற செயின் பிளாக் இருக்கிறது. சாலைக்கு இல்லை, டோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும் ஓட்ட வேண்டும் என்பதுதான் முதல் நாளிலிருந்தே திட்டம். பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம், 6 பிஎஸ்ஐ, அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

கடைக்காரர் நன்றாகப் பேசுவார். டீ வாங்கிக் கொடுப்பார், "தம்பி, தம்பி" என்று தோளில் கை போட்டுக்கொண்டே ஒவ்வொரு பாகமாக எடுத்து மேஜையில் வைப்பார். டர்போ 42,000. "ஜப்பான்ல பெட்ரோல் வண்டியில ஓடினது தம்பி, கன்டெய்னர்ல வந்துச்சு, கோர் புதுசா பேலன்ஸ் பண்ணியாச்சு, இந்தா ரிப்போர்ட்." கோர் என்றால் டர்போவின் உள்ளே சுழலும் பாகம். ஃபோர்ஜ்ட் பிஸ்டன், அதாவது வார்க்காமல் அடித்துச் செய்தது, நாலு, 28,000. டியூனிங் பாக்ஸ், அதாவது இன்ஜினை டர்போவுக்கு ஏற்பச் சரிசெய்யும் என்று சொன்ன பெட்டி, 15,000. மொத்தம் 85,000 ரூபாய். பில் கேட்டால் "ஜிஎஸ்டி போட்டா விலை ஏறும், எதுக்குத் தம்பி" என்றார். பில் வேண்டும் என்று கேட்டதும், பிறகு தருகிறேன் என்று அவர் சொன்னதும் வாட்ஸப்பில் குரல் பதிவாகவே இருக்கிறது. பணத்தில் பெரும்பகுதி ஜிபேயில் போனது. இந்த இரண்டும்தான் இன்று என் கையில் இருக்கும் ஆதாரம்.

முதலில் டர்போ. பார்க்கப் புதுசு மாதிரி வெள்ளி நிறத்தில் மின்னியது, காற்றை அழுத்தும் பக்கத்துக் கூடான கம்ப்ரஸர் ஹவுசிங்கில் ஒரு பிரபல ஜப்பான் கம்பெனியின் பெயர்ப் பட்டை. வீட்டில் வைத்துப் பார்த்தபோது முதலில் உறுத்தியது தண்ணீர் வழி இல்லாததுதான். பெட்ரோல் காரின் டர்போவில் நடுவில் இருக்கும் பேரிங் ஹவுசிங்குக்கு ஆயில் போக ஒரு வழி, வர ஒரு வழி, அதோடு கூலன்ட் போய் வர இரண்டு துளைகள் பெரும்பாலும் இருக்கும். இன்ஜினை அணைத்த பிறகு, எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் பக்கத்துச் சூடு பேரிங்கைத் தொட்டு ஆயிலைக் கருக்கிவிடாமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். இதில் ஆயில் வழி மட்டும்தான் இருந்தது. கேட்டேன். "அது ரேஸ் மாடல் தம்பி" என்றார்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து டர்போவுக்கு வாயு போகும் குழாய்) செய்யக் கே.புதூர் சிட்கோவில் ஒரு லேத்துப் பட்டறைக்கு இதைக் கொண்டுபோயிருந்தேன். அந்த அண்ணன் நிறைய பேச மாட்டார். டர்போவைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், தின்னரில் துணியை நனைத்து டர்பைன் ஹவுசிங்கின் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். வெள்ளிப் பெயின்ட் கரைந்து வழிந்தது, அடியில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் எண் தெரிந்தது. உள்ளே சென்று ஒரு பழைய டர்போவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். டிசையர் டீசல் டாக்ஸியில் இருந்து கழற்றியது. எண் அதே எண். போல்ட் போட்டு மாட்டும் ஃபிளாஞ்சு அதே ஃபிளாஞ்சு. பெயர்ப் பட்டையின் ரிவெட் மட்டும் என்னுடையதில் புதுசு, பட்டையைச் சுற்றிப் பழைய பட்டை இருந்த தடம் கொஞ்சம் பெரிய செவ்வகமாகத் தெரிந்தது. "இது நம்ம ஊர் டாக்ஸில ஓடினதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

1.3 டீசல் ஸ்விஃப்ட் 2007-ல் வந்தது, ஃபியட் மல்டிஜெட் இன்ஜின், 1248 சிசி, 75 குதிரைசக்தி. அதில் இருந்த சின்ன டர்போ போர்க்வார்னர் கேபி35. அந்த டர்போவைக் குறை சொல்லவில்லை, டீசலில் அது நன்றாகவே உழைத்தது. தெரிந்தே டீசல் டர்போவைப் பெட்ரோலில் வைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு. ஆனால் பழைய இரும்புக் கடையில் சில ஆயிரத்துக்குக் கிடைப்பதை, பெயின்ட் அடித்து, பட்டை மாற்றி, பெட்ரோல் டர்போ என்று 42,000-க்கு விற்பது திருட்டு. பெட்ரோல் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வாயு 900 டிகிரியைத் தாண்டும். டீசலில் பொதுவாக அதைவிட 100, 200 டிகிரி குறைவு. டீசலின் அந்தக் குறைந்த சூட்டுக்குத் தக்கபடி வார்த்த ஹவுசிங்கும் டர்பைன் சக்கரமும் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்றுச் சுற்றும்போது, கூடுதல் சூட்டில் என்ன ஆகும் என்பது விற்பவருக்குத் தெரியாமல் இருக்காது.

அடுத்தது இன்னும் மோசம். வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர், அதாவது பூஸ்ட் குறித்த அளவைத் தாண்டினால் எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் அந்தச் சின்ன டப்பா, 6 பிஎஸ்ஐக்கு செட் பண்ணியது என்று சொல்லித்தான் கொடுத்தார். இதைச் சோதிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், நீங்களும் செய்து பார்க்கலாம். சைக்கிள் பம்பு, ஒரு ரப்பர் டியூப், ஒரு டி ஜாயின்ட், ஒரு பிரஷர் கேஜ். ஆக்சுவேட்டரின் நிப்பிளில் மாட்டி மெதுவாக அடித்துக்கொண்டே கம்பியைக் கவனிக்க வேண்டும், எந்த அழுத்தத்தில் கம்பி அசையத் தொடங்குகிறதோ அதுதான் அதன் அளவு. 6-ல் அசையவில்லை. 8, 10, 12, அசையவே இல்லை. 15-ஐத் தாண்டிய பிறகுதான் மெல்ல நகர்ந்தது. கிட்டத்தட்ட 1 பார். டர்போவுக்கென்று கட்டாத இன்ஜினில் இதை அப்படியே மாட்டி ஆக்சிலேட்டரை மிதித்திருந்தால் பிஸ்டன் இருந்திருக்காது.

பிஸ்டனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார், "ஒட்டல பாத்தியா தம்பி, அதான் ஃபோர்ஜ்ட்". கார் பிஸ்டன் எல்லாமே அலுமினிய உலோகக் கலவைதான், வார்த்ததிலும் காந்தம் ஒட்டாது, அடித்ததிலும் ஒட்டாது. அந்தச் சோதனை யாரையும் ஏமாற்றுவதற்கு மட்டுமே உதவும். பிஸ்டனைக் கவிழ்த்து உள்பக்கம் பார்த்தால் அச்சு சேர்ந்த கோடு தெளிவாகத் தெரிந்தது, வார்த்த பிஸ்டன். வெளியே ஸ்கர்ட்டில், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரில், 'ஃபோர்ஜ்ட்' என்று லேசரில் எழுதியிருந்தார்கள்.

டியூனிங் பாக்ஸை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், அதைத்தான் நிறைய பேர் தனியாகவும் வாங்குகிறார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, மேலே பளபளப்பான ஸ்டிக்கர், ஒரு நீல விளக்கு. ஏர் டெம்பரேச்சர் சென்சாருக்குப் போகும் ஒயரில் இதைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார். ஒரே ஒரு சென்சாரில் சேர்த்தால் எப்படி டியூன் ஆகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இரண்டு ஸ்க்ரூ. திறந்தேன். உள்ளே ஒரு ரெசிஸ்டர், விளக்குக்கு இன்னொரு ரெசிஸ்டர், இரண்டு ஒயர், அசையாமல் இருக்கக் கொஞ்சம் ஹாட் குளூ. சிப் இல்லை, போர்டு இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் மொத்தமும் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

பணம் போனது ஒரு பக்கம். அந்த சென்சாரில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். கூடுதலாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு என்ன நினைக்கும்? காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைக்கும். நினைத்து, கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டும், அதோடு சூடான காற்றுக்காக இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளும், அதாவது தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், பாதுகாப்பையும் விட்டுவிடும். நம் ஊர் வெயிலில் வெளிக்காற்றே 40 டிகிரி, 6 பிஎஸ்ஐயிலேயே டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 80 டிகிரியைத் தாண்டிவிடும். இன்ஜினுக்குப் பாதுகாப்பு வேண்டிய அந்த நேரத்தில் இந்தப் பெட்டி இசியுவின் கண்ணைக் கட்டிவிடுகிறது. டர்போ இல்லாத காரின் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் பெரிதாகப் படிக்காது என்பதால் பூஸ்ட் வந்ததே அதற்குத் தெரியாது. ஒழுங்காகச் செய்பவர்கள் 2 அல்லது 3 பார் மேப் சென்சார் போட்டு, ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் மாதிரி தனி இசியு வைத்து, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் வைடுபேண்ட் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்துப் பெட்ரோலையும் டைமிங்கையும் அமைப்பார்கள். இதற்கு 15,000 ரூபாய் பெட்டியில் குறுக்குவழி கிடையாது.

திண்டுக்கல்லில் ஒரு தம்பி இதே கிட்டை வாங்கி மாட்டி ஓட்டியே விட்டார். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனில் ரிங்கைத் தாங்கும் விளிம்பு (ரிங் லேண்ட்) உடைந்து, சிலிண்டரின் உள்சுவர் முழுக்கக் கீறல், சைலன்சரில் நீலப் புகை. அவர் இன்ஜின் கே.புதூர் பட்டறைக்கு வந்தபோதுதான் எங்களுக்குள் பழக்கம். அவரிடமும் ஒரு பேலன்சிங் ரிப்போர்ட் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே சீரியல் எண், ஒரே தேதி, ஒரே வரைபடம், வலது மூலையில் ஜெராக்ஸ் மெஷின் விழவைத்த அதே கறுப்புக் கோடு. இரண்டு வேறு வேறு டர்போவுக்கு ஒரே தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போனோம். டீ வரவில்லை. "மாட்டத் தெரியாம மாட்டிட்டு எங்கிட்ட வந்தா?" என்றார். நான் இன்னும் மாட்டவே இல்லை அண்ணே என்று சொல்லி, பெயின்ட் கரைந்த டர்போவையும் திறந்த பெட்டியையும் மேஜையில் வைத்தேன். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "தாராளமா கம்ப்ளைன்ட் குடு. வண்டியில டர்போ போடுறது சட்டப்படி குத்தம், உன் வண்டி நம்பரை ஆர்டிஓகிட்ட நானே குடுக்குறேன்." வாங்கும்போது இதே மனிதர்தான் "ஆர்டிஓல நம்ம ஆள் இருக்கார், அப்ரூவல் வாங்கித் தந்துருவேன்" என்று சொன்னவர்.

இந்த மிரட்டலை நம்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். ஏமாந்தவர் வாயைத் திறக்க மாட்டார் என்று தெரிந்தே விற்கிறார்கள். உண்மை என்ன என்றால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அப்ரூவல் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் ஒரு பாகத்தைக் காசு கொடுத்து வாங்குவது குற்றம் இல்லை, போலியை விற்றவருக்கு அந்தச் சட்டம் கேடயமும் ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் பழைய பொருளையும் ரீகண்டிஷன் பொருளையும் புதிது என்று சொல்லி விற்பது, பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வது, பில் தராமல் இருப்பது எல்லாமே முறையற்ற வணிக நடைமுறை என்று எழுதியே இருக்கிறது. பில் இல்லையே என்று தயங்க வேண்டாம், பில் தராததே ஒரு புகார்.

நாங்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்தோம், கடையிலிருந்து பதில் வராததால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஆளுக்கொரு மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் வரை உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பட்டறை அண்ணன், இரண்டு டர்போவையும் பக்கத்தில் வைத்து அளந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தொழில் இடத்தில் இருந்துகொண்டு இதைச் செய்வது சாதாரணம் இல்லை, அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்தக் கடையில் வாங்கியது என்று சந்தேகம் உள்ளவர்கள் டர்போவைக் கழற்றிக் கழுவிவிடாதீர்கள், பெயர்ப் பட்டையைப் பிடுங்கிவிடாதீர்கள், பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்துக்கொண்டே திறங்கள். ஜிபே விவரம், குரல் பதிவு, அந்த பேலன்சிங் தாள் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். வலது மூலையில் கறுப்புக் கோடு இருந்தால் உங்களுடையதும் எங்கள் தாள்தான், ஆணையத்தில் உங்கள் மனுவையும் போடுங்கள்.