ஸ்கிராப்புக் சாமான்களை அடுக்குவது எப்படி: வகைவாரியாகவா, பக்கவாரியாகவா?

ஸ்கிராப்புக் என்பது போட்டோ, டிக்கெட் மாதிரி நினைவுத் துண்டுகளைக் கலர் பேப்பரில் அலங்காரமாக ஒட்டிச் சேர்க்கும் ஆல்பம். அதைச் செய்யத் தொடங்கி ஒரு வருடம் ஆன வீட்டில் எல்லாம் இருக்கும், வேண்டிய நேரத்தில் ஒன்றும் அகப்படாது. பேப்பர் பீரோ மேல், போட்டோ அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பசை பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில். இதை ஒழுங்குபண்ண இரண்டு வழி உண்டு. இரண்டிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து பார்த்துவிட்டேன்.

முதலாவது வகைவாரி. பேப்பரெல்லாம் ஓரிடம், ஸ்டிக்கரெல்லாம் ஓரிடம், ரிப்பன், லேஸ், பட்டன் தனித்தனி டப்பாவில். கையிருப்பு என்ன என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் போய் நிற்கும்போது இதன் அருமை புரியும். கடைக்குக் கடை கல்யாணப் பத்திரிகை அட்டையும் கலர் பேப்பரும் அடுக்கியிருப்பார்கள், பார்த்ததும் கை போய்விடும். வீட்டில் மெரூன் அட்டை ஏற்கெனவே எட்டு கிடக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கை நிற்கும்.

ஆனால் ஒரு பக்கம் ஒட்ட உட்கார்ந்தால் ஏழெட்டு டப்பா கீழே இறங்க வேண்டும். நமக்குக் கிடைப்பதோ ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம், அதுவும் சாப்பாட்டு மேஜையில். பரப்பி வைக்கவே இருபது நிமிடம் போய்விடும். தனி அறையும், கலைக்க வேண்டாத மேஜையும் உள்ளவர்களுக்கு வகைவாரி சரி. இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் எனக்கு அது சரிப்படவில்லை.

இரண்டாவது பக்கவாரி. ஒரு பக்கத்துக்கு ஒரு பட்டன் ஃபைல். அந்தப் பக்கத்துக்கான மூன்று நான்கு போட்டோ, பொருத்தமான இரண்டு பேப்பர், டிக்கெட்டோ பத்திரிகைத் துண்டோ எதுவானாலும் உள்ளே. கூடவே என்ன நடந்தது என்று எழுதிய ஒரு சீட்டு. உட்காரும்போது ஒரு ஃபைலை மட்டும் எடுத்தால் போதும், பாதியில் எழுந்தாலும் எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும்.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அந்தச் சீட்டுதான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது காலி ஃபைல்களைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். திண்ணையில் ஐந்து பேர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது.

"அப்பாயி, இந்த ஓரத்துல நிக்கிறது யாரு?"

"அதுவா, உங்க தாத்தாவோட அத்தை மவன். சண்டை வந்தப்ப ரங்கூன்லேருந்து நடந்தே வந்தவரு. பேரு நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது."

1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பியவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அப்படி ஒருவர் நின்றிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாயி சொன்னதைச் சொன்னபடியே எழுதி, படத்தோடு அதே ஃபைலில் போட்டேன். வகைவாரியில் படம் போட்டோ டப்பாவுக்கும் சீட்டு வேறொரு நோட்டுக்கும் போயிருக்கும். ஆறு மாதம் கழித்து எந்தச் சீட்டு எந்தப் படத்துக்கு என்று தேட வேண்டியிருந்திருக்கும். படத்தின் பின்னால் எழுதினால் போதாதா என்றால், இன்றைய கலர் பிரிண்டின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பென்சில் பிடிக்காது, பேனா மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய படத்தில் பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் வரி புடைத்து நிற்கும்.

ஃபைல் வாங்குவதில் ஒரு அளவுச் சிக்கல் உண்டு. ஸ்கிராப்புக்குக்கென்று விற்கும் பேப்பர் பெரும்பாலும் 12 அங்குலச் சதுரம், அதாவது 305 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210தான், ஏ3 தாளின் குட்டைப் பக்கமே 297தான். ஆகவே ஏ3 ஃபைல் என்றாலும் ஒரு பேப்பரைக் கையோடு கொண்டுபோய் உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் ஆல்பத்தையே ஏ4க்கு மாற்றிக்கொண்டேன், ஃபைலும் கவரும் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிறது. புது ரெயின்கோட் வாடை அடிக்கும் மெத்தென்ற கவர் பி.வி.சி., அது போட்டோவுக்கு ஆகாது. முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட பாலிப்ரொப்பிலீன் கவர் நல்லது.

பி.வி.சி. இன்னொன்றையும் கெடுக்கும்: பஸ் டிக்கெட். பழைய மெல்லிய கலர் டிக்கெட்டுகள் அச்சு மையில் அடித்தவை, பல வருடம் நிற்கும். இப்போது கண்டக்டர் மெஷினிலிருந்து கிழித்துத் தருவது தெர்மல் பேப்பர், அதாவது மை இல்லாமல் சூட்டால் எழுத்து விழும் தாள். சூட்டிலும் வெளிச்சத்திலும் எழுத்து மங்கும், பி.வி.சி. கவருக்குள் இன்னும் சீக்கிரம் போய்விடும். சரி, லேமினேட் செய்துவிடலாமே என்று கொடுத்தால் மெஷின் சூட்டில் டிக்கெட் முழுக்கக் கறுத்துப் போகும். மகளோடு முதல்முறை ராமேஸ்வரம் போன டிக்கெட்டை நான் அப்படித்தான் இழந்தேன். இப்போது ஊர் திரும்பிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் ஃபைலில் போட்டுவிடுகிறேன்.

பக்கவாரியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நல்ல பேப்பர் ஏதோ ஒரு ஃபைலுக்குள் முடங்கிவிடும், நீலத் துண்டு ஒன்று வேண்டுமென்றால் எந்த ஃபைல் என்று தெரியாது. அதனால் ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஃபைலுக்கு மேல் திறப்பதில்லை. மீதிப் பேப்பர் வகைவாரியாகவே ஒரு அலமாரித் தட்டில் இருக்கிறது. கத்தரி, கட்டர், ஸ்கேல், பசை எல்லாம் ஒரு டிரேயில், அவை எந்த ஃபைலுக்குள்ளும் போகக் கூடாது.

பேப்பரைப் படுக்க வைப்பதா நிறுத்தி வைப்பதா என்றும் ஒரு கேள்வி. நிறுத்தினால் எடுக்கச் சுலபம், கலர் தெரியும். ஆனால் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் நிற்கும் பேப்பர் இடுப்பு வளைந்துவிடும். படுக்க வைப்பதுதான் நல்லது, வெளிச்சுவரையும் பாத்ரூம் சுவரையும் ஒட்டாத இடமாக. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், நிறம் மாறும் வகையானால் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். பூச்சிக்கு அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. அதே மாதிரி ஒரு முடிச்சு, பேப்பரில் படாமல், எங்கள் தட்டின் மூலையிலும் இருக்கிறது.

ஆல்பம் என்று பார்த்தால் ரிங் வைத்ததே என் தேர்வு. திருகு போட்டது பார்க்க அழகு, பக்கமும் தட்டையாக விரியும். ஆனால் நடுவே ஒரு பக்கம் சேர்க்க முழுவதையும் கழற்ற வேண்டும். பக்கவாரியில் எந்தப் பக்கம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாதே.

இப்போது பன்னிரண்டில் நான்கு முடிந்து ஆல்பத்துக்குள் போய்விட்டன. ரங்கூன்காரர் ஃபைல் இன்னும் தட்டின் மேலேயே இருக்கிறது. சீட்டில் பெயருக்கென்று ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். சித்திரையில் ஊருக்குப் போகும்போது அப்பாயியிடம் மறுபடி கேட்க வேண்டும்.