ஸ்க்ரமா, கான்பானா? எபேன் குழுக்களுக்கு எது ஒத்துவரும்

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் உட்கார்ந்து பாரிஸ், லியோன் வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதும் குழுக்களிடம் கேட்டுப்பாருங்கள், எல்லாரும் "நாங்கள் அஜைல்தான்" என்பார்கள். வேலையைச் சிறு சிறு துண்டாக முடித்துக்காட்டி, போகப்போகத் திருத்திக்கொள்ளும் பாணி அது. எந்த அஜைல் என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் பிரகடனம் 4 மதிப்புகளைச் சொல்கிறது, அதோடு 12 கொள்கைகள் சேர்ந்தன. திங்கட்கிழமை காலையில் யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. அதைச் சொல்ல ஸ்க்ரம், கான்பான் போன்ற முறைகள் வேண்டியிருக்கின்றன. இரண்டில் எதை எடுப்பது என்பதை நான் இரண்டு விஷயங்களை வைத்தே முடிவு செய்வேன்: வேலை எப்படி வந்து சேர்கிறது, வாடிக்கையாளர் பக்கத்தில் முடிவெடுக்க யார் இருக்கிறார்.

முதலில் ஸ்க்ரம். ஜெஃப் சதர்லண்டும் கென் ஷ்வேபரும் 1995-இல் முன்வைத்த முறை இது. இப்போது நடப்பில் உள்ள ஸ்க்ரம் கையேடு 2020-இல் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் போகாத ஸ்பிரிண்ட் என்ற வேலைச் சுற்று, தொடக்கத்தில் திட்டமிடல், தினமும் 15 நிமிடக் கூட்டம், முடிவில் ரிவ்யூவும் (முடித்த வேலையைக் காட்டுவது) ரெட்ரோவும் (வேலை செய்த விதத்தை அலசுவது). ஒரு மாத ஸ்பிரிண்ட்டுக்குக் கையேடு தரும் உச்சவரம்பு திட்டமிடலுக்கு 8 மணி, ரிவ்யூவுக்கு 4, ரெட்ரோவுக்கு 3. இங்கே பெரும்பாலும் ஓடுவது இரண்டு வார ஸ்பிரிண்ட். அதற்குப் பாதியாகக் கணக்கிட்டால் ஏழரை மணி, தினசரிக் கூட்டங்களுக்கு இரண்டரை மணி. ஆக, ஒருவருக்குப் பத்து மணி நேரம் வரை கூட்டத்திலேயே போகலாம். புதிதாக ஒரு செயலியைக் கட்டும்போது இது வீண் செலவு இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், அப்படி மாற்றுங்கள்" என்று வாடிக்கையாளர் சொல்வதே பெரிய லாபம்.

ஆனால் சொல்வதற்கு ஆள் வேண்டுமே! ஸ்க்ரமில் பிராடக்ட் ஓனர் என்பவர் ஒரே ஆள். எது முதலில், எது பிறகு என்பது அவர் கையில். எபேனில் நடப்பது என்ன? உண்மையான அதிகாரம் பிரான்சில் இருக்கிறது, இங்கே ஒருவருக்கு "பிராக்ஸி" (பதிலாள்) என்று பட்டம் கட்டி உட்கார வைக்கிறார்கள். அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டால் அவர் பாரிஸுக்கு மின்னஞ்சல் போடுவார். நேர வித்தியாசம் பெரிதல்ல, பிரான்சின் கோடையில் 2 மணி, அங்கே குளிர்காலத்தில் 3 மணி. சிக்கல் அங்கே இல்லை. பதில் சொல்ல வேண்டியவருக்கு இந்த வேலை பத்தோடு பதினொன்று. வாரத்தில் சில மணி நேரமாவது ஒதுக்கும் பிராடக்ட் ஓனர் கிடைக்காவிட்டால் ஸ்க்ரம் வேண்டாம் என்பேன். இன்னொன்று: தினசரிக் கூட்டத்துக்கு வாடிக்கையாளர் வந்தே ஆக வேண்டும் என்று அதை மதியத்துக்குத் தள்ளிவைக்கும் பழக்கம். அந்தக் கூட்டம் டெவலப்பர்களுக்கானது. காலை ஒன்பதரைக்கு நமக்குள் முடித்துவிடலாம்.

அப்புறம் நம்ம ஊர்க் காலண்டர். 2025-இன் பொது விடுமுறைகளில் சிலவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 29 சீன வசந்த விழா, பிப்ரவரி 11 தைப்பூசக் காவடி, பிப்ரவரி 26 மகா சிவராத்திரி, மார்ச் 12 சுதந்திர தினம். காவடி எடுப்பவர்கள் விரதம், கோயில் என்று கூடுதலாகவும் விடுப்பு எடுப்பார்கள். இதே மாதங்கள் புயல் காலமும்கூட. மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்தால் அலுவலகத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை வெலாசிட்டி வரைபடம் (ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டிலும் எவ்வளவு வேலை முடிந்தது என்று காட்டுவது) ஏறி இறங்குவதைப் பார்த்து, குழு சோம்பேறியாகிவிட்டது என்று முடிவு கட்டும் மேலாளர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கான்பானுக்கு இந்தக் கவலை குறைவு. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்த முறையை டேவிட் ஆண்டர்சன் 2000-களில் மென்பொருளுக்குக் கொண்டுவந்தார். ஸ்பிரிண்ட் கிடையாது, புதுப் பதவிகள் கிடையாது. பலகையில் வேலைகள் நகரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே நேரத்தில் இத்தனைதான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. இந்த வரம்புதான் உயிர். லிட்டில் விதி சொல்வது எளிய கணக்கு: கையில் 12 டிக்கெட் (பதிவான வேலைகள்), நாளுக்குச் சராசரியாக 3 முடிகிறது என்றால், ஒன்று முடிய சராசரி 4 நாள். முடிக்கும் வேகம் மாறாமல் கையில் இருப்பதை 6 ஆக்கினால் 2 நாள். சப்போர்ட் வேலையில், காலையில் போட்ட திட்டத்தை மதியம் வரும் அவசர டிக்கெட் கலைத்துவிடும் இடத்தில், ஸ்பிரிண்ட் இலக்குக்கு அர்த்தமே இல்லை. அங்கே கண்ணை மூடிக்கொண்டு கான்பானை எடுக்கலாம்.

அதன் பலவீனம், யாரும் கதவைத் தட்டுவதில்லை. ரிவ்யூ தேதி இல்லாததால் ஒரு டிக்கெட் "டெஸ்டிங்" கட்டத்தில் மாதக்கணக்கில் தூங்கலாம். மேலாளர் ஒருமுறை "இதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றால் வரம்பு போச்சு. பிறகு அது வெறும் பலகை.

எக்ஸ்பி (எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்) என்ற இன்னொரு அஜைல் முறை முழுவதையும் யாரும் இங்கே எடுக்கப்போவதில்லை, சரி. ஆனால் அதிலுள்ள தானியங்கி டெஸ்டும் தொடர் இன்டக்ரேஷனும் (எல்லார் எழுதும் நிரலையும் அடிக்கடி ஒன்றுசேர்த்துச் சோதிப்பது) இல்லாமல் மேற்கண்ட இரண்டுமே நொண்டும்.

ஒரே குழுவிடம் புது வேலையும் சப்போர்ட்டும் இருந்தால்? எல்லாவற்றையும் ஒரே ஸ்பிரிண்ட்டில் திணிப்பதைவிட, இருவரைச் சுழற்சி முறையில் கான்பான் பலகைக்கு ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் ஸ்க்ரமில் தொடர்வது நல்லது. ஒப்பந்தம் ஃபோர்ஃபேயாக (நிலையான விலையில்) இருந்து, எல்லா அம்சங்களும் விலையும் தேதியும் கையெழுத்தாகிவிட்டால், ரிவ்யூவில் வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு மாற்றமும் பணப் பேச்சாகிவிடும். அப்போது ஸ்க்ரம் பெயரளவுக்குத்தான் இருக்கும். கான்பான் பலகையை வைத்து வேலையை நகர்த்துவதே நேர்மை. ஆள்-நாள் கணக்கில் பணம் வரும் ரெஜி ஒப்பந்தமும் பேசக் கிடைக்கும் பிராடக்ட் ஓனரும் இருந்தால் ஸ்க்ரமை மே மாதம் தொடங்குங்கள். புயல் ஓய்ந்திருக்கும், விடுமுறை குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் ஆகஸ்டில் விடுப்பில் போவதற்குள் ஆறு ஸ்பிரிண்ட் ஓடிவிடும்.