ஜியோஜீப்ராவில் மூன்று வருடம் கணிதப் பாடம் செய்த அனுபவம்

எல்லை, வகையிடல், நிபந்தனை நிகழ்தகவு என்று மாணவர்கள் வழக்கமாக முட்டி நிற்கும் இடங்களுக்காக இருபதுக்கும் மேற்பட்ட பாடத்தொகுதிகளை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் செய்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் ஏழெட்டுதான் தேறும். மற்றவை பார்க்க அழகு, அவ்வளவுதான்.

மென்பொருளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. உலாவியிலேயே ஓடும். வணிக நோக்கம் இல்லாவிட்டால் இலவசம். ஸ்லைடரில் ஓர் எண்ணை மாற்றினால் படமும் கூடவே மாறும். லிங்க்கை அனுப்பினால் மாணவர் எதையும் நிறுவாமல் திறந்துகொள்ளலாம். ஒரு வாரத்தில் கைவந்துவிடும் என்பார்கள். எனக்கு ஒரு மாதம் ஆனது.

நான் அதிகம் அடிபட்டது, எல்லையைத் துல்லியமாக வரையறுக்கும் எப்சிலான்-டெல்டா பாடத்தில்தான். எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது எக்ஸ் வர்க்கம் 4-ஐ நெருங்குகிறது என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதையே வரையறையாக எழுதிப் போட்டால் முகம் மாறிவிடும்: விடை 4-ஐவிட்டு எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலான், அதற்கு எக்ஸ் 2-ஐவிட்டு எவ்வளவு விலகலாம் என்பது டெல்டா. அதனால் இரண்டு பட்டைகள் வரைந்தேன். 4-ஐச் சுற்றிப் படுக்கையாக எப்சிலான் பட்டை, 2-ஐச் சுற்றிச் செங்குத்தாக டெல்டா பட்டை. செங்குத்துப் பட்டைக்குள் இருக்கும் வளைவு படுக்கைப் பட்டையைத் தாண்டாவிட்டால் பச்சை, தாண்டினால் சிவப்பு.

முதல் நாளே ஒரு பையன் கேட்டான்: “டெல்டா மைனஸ் மூன்றுன்னா என்ன சார்?” புதிதாகப் போடும் ஸ்லைடர் −5 முதல் 5 வரை, 0.1 படியில் வரும். நான் அதை அப்படியே விட்டிருந்தேன். டெல்டா எப்போதும் பூஜ்யத்தைவிடப் பெரியது என்று வகுப்பில் சொல்லிவிட்டு, படத்தில் அதற்கு நேர்மாறாக அனுமதித்திருக்கிறேன்! படியின் அளவு அதைவிடப் பெரிய தவறு. எப்சிலான் 0.5 என்று வைத்தால், 0.1-க்குப் பச்சை, 0.2-க்குச் சிவப்பு, நடுவில் எதுவுமே தெரியவில்லை. படியை 0.001 ஆக்கிய பிறகுதான் பாடமே தொடங்கியது. டெல்டாவை 0.125-இல் நிறுத்தினால் இடப்பக்கம் வளைவு பட்டைக்குள்தான் இருக்கிறது, வலப்பக்கம் வெளியே போய்விட்டது. வலப்பக்கம் வளைவு இன்னும் செங்குத்தாக ஏறுவதால், அந்தப் பக்கம்தான் டெல்டாவை இறுக்குகிறது. கரும்பலகையில் இதை எத்தனை முறை சொன்னாலும் இப்படிப் பதியாது.

அப்புறம் ஒரு மாணவி இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். இரண்டிலும் டெல்டா 0.12, பட்டையின் வலது ஓரத்தில் வளைவின் உயரம் 4.5. ஒன்றில் பச்சை, ஒன்றில் சிவப்பு. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்று உண்மையில் 0.121, அதற்கு உயரம் 4.4986. மற்றது 0.122, உயரம் 4.5029. நான் மாற்றாமல் விட்டதால் எல்லாம் இரண்டு தசமத்துக்கு வட்டமாக்கப்பட்டுத் தெரிந்திருக்கிறது. அமைப்பில் நான்கு தசமம் என்று மாற்றினேன். கூடவே நிறத்தை மட்டும் நம்பாமல் “உள்ளே”, “வெளியே” என்று எழுத்திலும் போட்டேன். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கலாம்.

இதற்குள் சிலர் பழைய பாடத்தை நகலெடுத்துத் தங்கள் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் லிங்க்கில் திருத்தினால் அந்த லிங்க் வைத்திருப்பவர்களுக்குத் திருத்தம் போகும், நகலெடுத்தவர்களுக்குப் போகாது. அந்த இரண்டு தசமத் தவறு இன்றும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். இப்போது ஒரு வகுப்பில் முழுதாக நடத்திப் பார்க்காமல் எதையும் பொதுவில் விடுவதில்லை. ஒவ்வொன்றின் கோப்பையும் கணினியில் தனியாக எடுத்து வைக்கிறேன். 2020 முடிவில், உலாவியில் அனிமேஷன் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருள் போனபோது அதில் செய்த கணித அனிமேஷன்கள் என்ன ஆயின என்று பார்த்தோமே.

இவ்வளவு திருத்தியும் முதல் வருடம் பலன் சுமார்தான். பிள்ளைகள் ஸ்லைடரை இப்படியும் அப்படியும் இழுப்பார்கள், பச்சை வந்ததும் “முடிச்சுட்டேன் சார்.” என்ன புரிந்தது என்று கேட்டால், பச்சை வந்தது புரிந்தது. அதனால் ஸ்லைடரையே மறைத்தேன். எந்தப் பொருளையும் ஒரு நிபந்தனை நிறைவேறினால் மட்டும் காட்டும் வசதி ஜியோஜீப்ராவில் உண்டு. முதலில் ஒரு கேள்வி: “எப்சிலானைப் பாதியாக்கினால் மிகப்பெரிய டெல்டாவும் சரியாகப் பாதியாகுமா?” பதில் எழுதினால்தான் ஸ்லைடர் தெரியும். பாதியாகும் என்றுதான் அநேகமாக எல்லோரும் எழுதுகிறார்கள். எப்சிலானை 0.25 ஆக்கி நகர்த்திப் பார்த்தால் 0.121-இல் பாதியான 0.0605-ஐத் தாண்டி 0.061-க்கும் பச்சை. அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இதையெல்லாம் செய்யலாம்.

மாணவர்கள் கையால் வரைந்து ஊகிக்க வேண்டும் என்றால் டெஸ்மோஸ் என்ற இணைய வரைபடக் கருவி எனக்கு இன்னும் வசதி. வடிவியலுக்கும் முப்பரிமாணத்துக்கும் ஜியோஜீப்ராதான். கைபேசியில் 0.001 படி ஸ்லைடரை விரலால் நிறுத்துவது பெரும்பாடு. பக்கத்திலேயே எண்ணைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி வைத்துவிடுங்கள்.

படம் செய்யாத வேலை நிரூபணம். அதைத் தாளில்தான் எழுத வேண்டும். எக்ஸ் வர்க்கம் − 4 என்பது (எக்ஸ் − 2) × (எக்ஸ் + 2). டெல்டா 1-ஐத் தாண்டாதவரை எக்ஸ் + 2 என்பது 5-க்குள் அடங்கும். ஆகவே எப்சிலானை 5-ஆல் வகுத்தது, 1 ஆகிய இரண்டில் சிறியதை டெல்டாவாக எடுத்தால் போதும். எப்சிலான் 0.5-க்கு அது 0.1. “படத்தில் 0.121 வருதே, எது சார் சரி?” என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். இப்போது பதில் சொல்வதில்லை. “0.1 போட்டுப் பார்” என்கிறேன். பச்சை வருகிறது, இரண்டு பக்கமும் கொஞ்சம் இடமும் மிச்சம் இருக்கிறது.