கழுத்து அறுவைக்குப் பிறகும் விரல் மரத்திருந்தால்: எதற்கு எது உதவும்?

கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கை எடுத்தாயிற்று, நரம்பின் மேலிருந்த அழுத்தமும் விலகிவிட்டது. ஆனாலும் விரல்கள் மரத்தோ எரிந்தோ கொண்டிருக்கின்றன. மாத்திரை, பயிற்சி, ஸ்பிளின்ட் (மூட்டை அசையாமல் தாங்கும் பட்டை), மறுபடி ஸ்கேன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முதலில் மிச்சமிருப்பது வலியா, மரப்பா, பலக்குறைவா என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் வலி முதலில் விடும், பலம் மெல்லத் திரும்பும், மரப்பு கடைசியில்தான் நகரும். சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடும். அறுந்த நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். கழுத்திலிருந்து விரல்நுனிவரை 70–80 செ.மீ. என்றால் கணக்கு 2 ஆண்டைத் தொடுகிறது. 3 மாதத்தில் மரப்பு போகவில்லை என்பதற்காக அறுவை தோற்றதாகாது.

எரிச்சலுக்கும் சுரீர் வலிக்கும் மாத்திரைதான் முதல் தேர்வு. காபாபென்டினை வழக்கமாக இரவில் 300 மி.கி.யில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, 3 வேளையாகப் பிரித்துத் தருவார்கள். குடல் ஒரே நேரத்தில் உறிஞ்சும் அளவுக்கு வரம்பு உண்டு. ஒரு வேளையின் அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. பிரிகாபலினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 75 மி.கி. 2 வேளை என்று தொடங்குவது வழக்கம். அளவை ஏற்றினால் அதற்கேற்ப வேலை செய்யும். தலைசுற்றல், தூக்கக்கலக்கம், கால் வீக்கம், எடை ஏறுவது இரண்டிலும் உண்டு. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இரண்டின் அளவையும் குறைக்க வேண்டும். மதுவோடும் ஓபியாய்டு (டிரமடால், மார்பின் போன்ற) வலிமாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்து இருக்கிறது.

பகலில் தூக்கக்கலக்கம் கூடாது என்பவர்களுக்கு டுலாக்ஸெடின் பொருந்தும்: 30 மி.கி., ஒரு வாரம் கழித்து 60. தொடக்கத்தில் குமட்டும், ஈரல் நோயாளிகளுக்கு ஆகாது. வலியால் தூக்கமே கெட்டவர்களுக்கு இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் நல்லது. ஆனால் வாய் வறளும், மலம் இறுகும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் தவிர்ப்பது மேல்.

நான்கு நாள் விழுங்கிவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தாங்கக்கூடிய உச்ச அளவில் 2 வாரமாவது இருந்து பார்க்க வேண்டும். நிறுத்துவதையும் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகச் செய்ய வேண்டும். இன்னொன்று: இவற்றில் எதுவும் மரப்பையோ பலக்குறைவையோ தீர்க்காது. வலியே இல்லாமல் வெறும் மரப்புக்கு இவற்றைச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை. பி12 ஊசியும் குறைபாடு இருந்தால்தான் பயன். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கக்கூடும்; அதை நெடுநாள் சாப்பிடுபவர்கள் பி12 அளவைச் சோதித்துக்கொள்ளலாம்.

பலக்குறைவுக்கு பயிற்சிதான். தெரபி களிமண்ணை (கைப்பயிற்சிக்கான பிசையும் பொருள்; நிறத்துக்கு ஏற்ப இறுக்கம் மாறும்) பிசைவது பிடியை வளர்க்கும்; இருப்பதில் மென்மையான நிறத்தில் தொடங்குங்கள். நரம்பை அதன் பாதையில் வழுக்கி நகரவைக்கும் நரம்பு நழுவல் பயிற்சி வேறு வகை: முழங்கையை நீட்டும்போது மணிக்கட்டை உள்ளே மடக்கி, முழங்கையை மடக்கும்போது மணிக்கட்டைப் பின்னே விரிக்க வேண்டும். 10 முறை, நாளுக்கு 2 வேளை. முழங்கையை நீட்டி, மணிக்கட்டையும் பின்னே விரித்து ஒரே நேரத்தில் விறைக்க வைத்தால் நரம்பு எரிச்சலடையும். குறுகுறுப்பு அரை மணிக்கு மேல் நீடித்தால் அளவு அதிகம் என்று பொருள். கழுத்தை வளைக்கும் பயிற்சிகளை அறுவை செய்தவர் அனுமதித்த பிறகே சேர்க்கலாம்.

தொட்டாலே கூசும் விரலுக்கு பஞ்சு, துணி, துண்டு, பிரஷ் என மென்மையிலிருந்து சொரசொரப்புக்கு, 5 நிமிடம் வீதம் நாளுக்கு 3–4 வேளை தேய்க்கலாம். மரத்த கையால் வெந்நீரின் சூட்டைப் பார்க்காதீர்கள், கொப்புளம் வந்த பிறகே தெரியும்.

ஸ்பிளின்ட்டை பலர் ஒதுக்குகிறார்கள். சரியான ஆளுக்கு அதுதான் மலிவான வெற்றி. கழுத்தோடு மணிக்கட்டிலும் நரம்பு நெரிபடுவது அரிதல்ல. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மட்டும் மரத்து, இரவில் எழுப்பி, கையை உதறினால் தணிந்தால் மணிக்கட்டைச் சந்தேகியுங்கள். முன்னங்கையிலும் மரப்பு இருந்தால் கழுத்துப் பக்கம் சாயும். மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட்டை 6 வாரம் இரவில் அணிந்து பார்க்கலாம். தெளிவாகவில்லை என்றால் நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்குறிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) செய்யலாம். சுண்டுவிரல் மரப்பு என்றால், தூங்கும்போது முழங்கை மடங்காதபடி துண்டைச் சுற்றிக்கொள்ளலாம்.

காத்திருப்பதா, ஸ்கேனா? நிலை அப்படியே இருந்தாலோ மெல்லத் தேறினாலோ காத்திருக்கலாம். விரல்களை முழுதாக மூடித் திறப்பதை 10 விநாடிக்கு எண்ணிப் பாருங்கள். இயல்பான கை 20 முறை எட்டும். மாதாமாதம் குறித்து வந்தால், சரிவு கண்ணில் படும். எண்ணிக்கை இறங்கினாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனாலோ, நடை தள்ளாடினாலோ, கழுத்தைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்ந்தாலோ தாமதிக்காமல் அறுவை மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, கை திடீரெனத் தளர்ந்தாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் வடிந்தாலோ அன்றே அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.